நாலு மணி விசிட்

அக்டோபர் 7, செவ்வாய்

சந்தனமேரி எங்கள் ஐந்து பேர் பிழைப்பிலும் மண்ணள்ளிப் போட்டாள். முதலில் இதை எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இந்த நோட்டை வாங்கச் சொன்னது ஜூடித். நூலக மாடியில் செவ்வாய்தோறும் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்களுக்கு விசா விஷயத்தில் இலவசமாக ஆலோசனை சொல்லும் அம்மாள். "தேதி போட்டு எழுதுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், யார் என்ன சொன்னார்கள், எல்லாம். நாளைக்கு இதுதான் உங்கள் சாட்சி" என்றார். சாட்சிக்கு ஏற்ற மாதிரி சுத்தமாக எழுதப் பார்க்கிறேன்.

பெயர் இன்பராஜ். வயது முப்பது. ஊர் சாத்தான்குளம். படிப்பு மெக்கானிக்கல் என்ஜினியரிங். இங்கிலாந்தின் இந்தக் கடலோர ஊரில் பதினெட்டு மாதமாகச் செய்யும் வேலை: தனியாக வாழும் வயதானவர்களின் வீட்டுக்கு வீடு போய்க் குளிப்பாட்டுவது, டயபர் மாற்றுவது, மாத்திரை கொடுப்பது, சூப் சூடாக்குவது. கேர் வேலை என்பார்கள். விசா கம்பெனியோடு கட்டிப்போட்டது. கம்பெனிக்கு அரசாங்கம் கொடுத்த உரிமம் இருக்கும்வரைதான் நான் இங்கே நிற்கலாம். உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு மின்னஞ்சல் வந்தது. உரிமம் உள்ள வேறு முதலாளி கிடைத்து டிசம்பர் 2க்குள் விண்ணப்பித்தால் இருக்கலாம். இல்லையென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். அறுபது நாள். அதில் நாலு நாள் போய்விட்டது.

போனால் இந்த வழியில் திரும்ப முடியாது. ஜூலையிலிருந்து வெளிநாட்டிலிருந்து கேர் வேலைக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருப்பவன் மட்டும் கம்பெனி மாறிக்கொள்ளலாம். நான் வருவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் இன்னொரு வழியை அடைத்தார்கள்: கேர் வேலைக்காரன் மனைவி மக்களைக் கூட்டி வரக் கூடாது. ஷீபாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். பாப்பாவுக்கு இப்போது பதினான்கு மாதம். வீடியோ காலில் என்னைப் பார்த்தால் போனை நக்குகிறாள்.

அக்டோபர் 8

பதினொரு இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். வாடகை வீட்டுக் கழிப்பறையைக் கழுவினேன். இந்த வாரம் என் முறை.

அக்டோபர் 12, ஞாயிறு

அண்ணாச்சி வீட்டில் ஜெபக்கூட்டம். தங்கதுரை அண்ணாச்சிதான் கம்பெனி முதலாளி. நாசரேத் பக்கம். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. எங்கள் ஐந்து பேரையும் வரவழைத்தவர். ஜெபம் பண்ணும்போது கண் கலங்கினார். பிறகு மட்டன் பிரியாணி.

"நம்ம பிள்ளையள நடுத்தெருவுல விட்டுருவனால? கர்த்தர் ஒரு வழி தொறப்பாரு. பொறுமையா இருங்க" என்றார்.

"கர்த்தர் தொறப்பாரு. இந்த கவர்மெண்டுக்காரனுவ வந்து பூட்டுவானுவ" என்று முத்துக்குட்டி என் காதில் சொன்னான். தென்காசிக்காரன், என் அறைக்காரன். சிரிப்பை அடக்க எலும்பைக் கடித்தேன்.

அண்ணாச்சி தன் மனைவி பெயரில் புதுக் கம்பெனி ஆரம்பிக்கப் போகிறாராம். உரிமத்துக்கு ஒரு வருஷம் ஆகலாமாம். "கெடச்சா மொத ஆளு நீதாம்ல இன்பராஜு." ஒரு வருஷம் கழித்து நான் எங்கே இருப்பேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஐவரில் ஒருத்தியான சந்தனமேரியை யாரும் கூப்பிடவில்லை.

நடந்ததை இங்கே ஒருமுறை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

ஒவ்வொரு முதியவர் வீட்டிலும் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு கியூஆர் அட்டை ஒட்டியிருக்கும். உள்ளே போனதும் கம்பெனி போனில் நம் பின் நம்பரைப் போட்டு அட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும். கிளம்பும்போது இன்னொரு முறை. போனது, வந்தது எல்லாம் அதில்தான் பதிவு. ஐந்து பேருக்கு இரண்டே போன். சில நாள் பஸ் வராது. சில நாள் ஒரே நேரத்துக்கு இரண்டு வீடு போட்டிருப்பார்கள். அவசரத்துக்கு உதவட்டும் என்று நான்தான் எல்லா வீட்டு அட்டைகளையும் என் போனில் படம் எடுத்து வைத்தேன். படத்தைக் காட்டினாலும் ஸ்கேன் ஆகிவிடும். "என்ஜினியர் மூளல்லா" என்று அண்ணாச்சி முதுகில் தட்டினார். அன்றிலிருந்து நான் சீனியர். சம்பளம் அதே.

இன்னொரு பழக்கமும் உண்டு. காய்ச்சல் என்றாலும் யாரும் லீவு போட மாட்டோம். ஒருநாள் வராவிட்டாலும் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும், விசா போய்விடும் என்று அண்ணாச்சி முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் ஒருவருக்கு முடியவில்லை என்றால் இன்னொருவர் அவருடைய பின் நம்பரைப் போட்டுப் போய் வருவோம். ஒரே பக்கத்து ஆட்கள், இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி.

ஜூன் 13, வெள்ளிக்கிழமை காலை, மேரி வேலைக்குப் போனபோது டோரீன் என்ற அம்மாள் தன் வீட்டுச் சமையலறைத் தரையில் கிடந்தார். எண்பத்தேழு வயது. இடுப்பு எலும்பு முறிந்து, முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அப்படியே. மேரி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டி, "நேற்று சாயங்கால மாத்திரை அப்படியே இருக்கிறது, யாரும் வரவில்லை" என்று வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அது முதியோர் நலனைப் பார்க்கும் உள்ளூர் கவுன்சிலுக்குப் போனது. அங்கிருந்து அரசாங்கத்துக்குப் போனது. உரிமம் போனது.

பதிவில் வியாழக்கிழமை நாலு மணி விசிட் நடந்ததாகத்தான் இருந்தது. மேரியின் பின் நம்பரில்.

ஜூலையில் விசாரணை வந்தபோது அண்ணாச்சி ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார். வாரம் முப்பத்தொன்பது மணி நேரம் வேலை தருகிறார்கள், எல்லா வீட்டுக்கும் தவறாமல் போகிறோம் என்று. உண்மையில் பதினெட்டு மணி நேரம் வந்தால் பெரிது. நாலு பேர் கையெழுத்துப் போட்டோம். மேரி மட்டும் போடவில்லை.

இப்போது தெரியும், முதல் வரியை ஏன் அப்படி எழுதினேன் என்று.

அக்டோபர் 14, செவ்வாய்

ஜூடித்திடம் லீவு விஷயத்தைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"காரணம் சொல்லாமல் தொடர்ந்து பத்து வேலை நாள் வராமல் இருந்தால்தான் கம்பெனி தெரிவிக்க வேண்டும். காய்ச்சலுக்கு லீவு எடுக்கலாமே. ஒரு வாரம்கூட எடுக்கலாம். யார் உங்களுக்கு இப்படிச் சொன்னது?"

அண்ணாச்சி பெயரை நான் சொல்லவில்லை.

ஜூலைக் கடிதத்தின் நகலைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "நீங்கள் இதில் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால், முதலாளியால் ஏமாற்றப்பட்டவர் என்று உங்களுக்காக எழுத எனக்கு ஏதாவது மிஞ்சியிருக்கும். எல்லாம் சரியாக நடந்தது என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியது யார்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பிவிட்டேன்.

அக்டோபர் 17

டோரீன் இறந்துவிட்டாராம். ஜூனிலிருந்து படுத்த படுக்கைதான்.

பாப்பாவுக்குச் சளி. ஆவி பிடிக்கலாமா என்று ஷீபா கேட்டாள். பிடி என்றேன்.

அக்டோபர் 18

நேற்று எழுதியது போதாது. டோரீனுக்கு டீயில் பாலை முதலில் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் குடிக்க மாட்டார். என் பெயர் வாயில் நுழையாமல் "இம்பா" என்பார். குழந்தை பிறந்தது என்று சொன்னபோது மஞ்சள் கம்பளி நூலில் குட்டி சாக்ஸ் பின்னிக் கொடுத்தார். சாத்தான்குளம் வெயிலுக்குக் கம்பளி சாக்ஸ். ஷீபா ஒரே ஒரு முறை போட்டுப் படம் எடுத்து அனுப்பினாள். அந்தப் படத்தை டோரீன் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார்.

ஒரு விசிட்டுக்கு அரை மணி நேரம் என்று எழுதி, பதினைந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்வார்கள். பதினைந்து நிமிடத்தில் ஒரு மனுஷியைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, மாத்திரை கொடுத்து, பேசவும் வேண்டும். டிவியில் ஒருவர் இந்த வேலைக்கெல்லாம் இனி உள்ளூர் ஆட்களை எடுப்போம் என்கிறார். எடுங்கள். டோரீனின் மகன் இருபது மைலில் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு வருவார்.

அக்டோபர் 22, புதன்

துணி துவைக்கும் கடைக்குப் போனேன். மேரி அங்கே இருந்தாள். திரும்பிப் போக முடியாது, துணியை மிஷினில் போட்டாயிற்று.

"அண்ணே, சாப்ட்டீங்களா?"

"ம்."

"பாப்பாவுக்குச் சளின்னு ஷீபா ஸ்டேட்டஸ் போட்ருந்தா. ஆவி கீவி பிடிக்க வேண்டாம்ணே, கைப்பிள்ளைக்குச் சுட்டுரும். மூக்குல சலைன் ட்ராப்ஸ் விடச் சொல்லுங்க."

தூத்துக்குடியில் எட்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். எல்லாருக்கும் வைத்தியம் சொல்வாள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒன்பது வயதுப் பையன் அக்கா வீட்டில் வளர்கிறான்.

மிஷின் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள்.

"கவுன்சில்லேர்ந்து வந்துருக்கு. ஜூன் பன்னெண்டு நாலு மணி விசிட்டு எம் பின் நம்பர்ல இருக்காம். நா போகாமலே போனதா பொய்யா போட்ருக்கேனாம். இனிமே ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் எதுலயும் வேல பாக்கக்கூடாத லிஸ்ட்ல என் பேரச் சேத்துருவாங்களாம்."

"அதுக்கு நா என்ன செய்ய?"

கடிதத்தை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"அன்னைக்கி எனக்கு நூத்திமூணு காய்ச்சல். 'நீ படு புள்ள, டோரீன் வீட்டுக்கு நா போய்க்கிடுதேன்'னு நீங்கதான போன வாங்கிட்டுப் போனீங்க?"

"காய்ச்சல்ல ஒனக்கு என்ன ஞாவகம் இருக்கும்."

"யாரு வரவேண்டியதுன்னு விசாரிக்க வந்தவங்க கேட்டாங்க. நா காய்ச்சல்ல படுத்துருந்தேன், வேற ஒருத்தர் போகவேண்டியதுன்னு மட்டும் சொன்னேன். ஒங்க பேரச் சொல்லலண்ணே. கைப்பிள்ளக்காரரு, தானா சொல்லிருவாருன்னு நெனச்சேன். நாலு மாசமாச்சு."

துணி காய்வதற்கு முன்பே எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் ஹீட்டர் மேல் விரித்தேன். ஹீட்டர் போடக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். முத்துக்குட்டி கத்தினான்.

அவள் பேசியதை அப்படியே எழுதியிருக்கிறேன். அவள் பேசினாள் என்பதற்குத்தான் இது சாட்சி.

அக்டோபர் 24

முத்துக்குட்டி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். நான் பருப்பு வேகவைத்தேன்.

"மேரிக்கி லெட்டர் வந்துருக்காம்லா."

"ஆமா."

"பாவம்ல அவ."

"நம்ம மத்த நாலு பேரு பாவம் இல்லியால?"

கத்தியை நிறுத்தினான். "ஏல, வியாழக்கிழம மீன் கட ஷிப்டு ஒனக்குத்தான? எனக்குச் செவ்வாயும் சனியும்லா."

"குக்கர் எத்தன விசில்?"

"மூணு. கேட்டதுக்குப் பதில் சொல்லுல."

"நாலு விடு. போன தடவ வேவல."

(இதற்குக் கீழே ஐந்து வரி எழுதி அடித்துவிட்டேன். வறுத்த மீன் கடையின் பின்கட்டில் தட்டுக் கழுவுவது விசாவில் இல்லாத வேலை. ஜூடித் பார்க்கும் நோட்டில் அது இருக்கக் கூடாது. வாரம் பதினெட்டு மணி நேரச் சம்பளத்தில் இந்த ஊரில் இருந்து பார்த்தால் தெரியும்.)

நவம்பர் 4

அறுபத்துநாலு விண்ணப்பம். பதில் வந்தது ஒன்பது. உரிமம் உள்ளவன் ஓட்டுநர் லைசென்ஸ் கேட்கிறான். லைசென்ஸ் கேட்காதவனுக்கு உரிமம் இல்லை. எங்களைப் போல முதலாளி இழந்தவர்களுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது, கம்பெனிகள் முதலில் அதிலிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும். அக்டோபர் முதல் வாரமே பெயர் கொடுத்தேன். பெயர் பத்திரமாக இருக்கிறது என்று மின்னஞ்சல் வருகிறது.

ஷீபா: "வந்துருங்க. இங்க என்ன, சோத்துக்கா பஞ்சம்?"

அவளுடைய அப்பாவின் தோட்டத்தை விற்றுத்தான் வந்தேன். அதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டவாவது முடியும்.

நவம்பர் 6

மூன்று மணி நேர ரயில் தூரத்தில் ஒரு முதியோர் இல்லம். உரிமம் இருக்கிறது. ஒரே ஒரு இடம். மேரியை எடுத்துவிட்டார்கள் என்று முத்துக்குட்டி சொன்னான். நர்ஸ் என்பதால். விசாரணை இருப்பதை அவளே அவர்களிடம் சொல்லிவிட்டாளாம். "பழைய சீனியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆர்டர் தருகிறோம்" என்றார்களாம்.

பழைய சீனியர் நான்.

நவம்பர் 9, ஞாயிறு

ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை. தலைவலி.

மேரியிடமிருந்து வாட்ஸ்அப்: "அண்ணே திங்களோ செவ்வாயோ ஒங்களுக்குப் போன் பண்ணுவாங்க. நடந்தத மட்டும் சொல்லுங்க. மீன் கடையப் பத்தி எதுவும் வேண்டாம். எனக்குக் காய்ச்சல்னு ஒங்களுக்குத் தெரியும்னு மட்டும் சொன்னாப் போதும்."

நவம்பர் 11, செவ்வாய்

பதினொரு மணிக்குப் போன் வந்தது. அந்த இல்லத்தின் மேனேஜர், பெண் குரல், அவசரமில்லாத பேச்சு. நான் கோழி கழுவிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

மேரி எப்படி வேலை செய்வார் என்று கேட்டார். நன்றாகச் செய்வார் என்றேன். அது உண்மை.

"ஜூன் 12 அன்று தான் காய்ச்சலில் படுத்திருந்ததாகவும், அது உங்களுக்குத் தெரியும் என்றும் சொல்கிறார். அப்படித்தானா?"

குழாயை மூடினேன்.

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன்.

அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நன்றி சொன்னார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"நீங்களும் அதே கம்பெனிதானே? உங்களுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டதா?"

கோழிக் குழம்பு நன்றாக வந்தது. முத்துக்குட்டிக்கும் எடுத்து வைத்தேன்.

நவம்பர் 12

வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன். நாளை வீடியோ நேர்காணல்.

நவம்பர் 13, வியாழன்

நாற்பது நிமிடம் பேசினார்கள். கடைசியாக ஒரு கேள்வி: ஒரு முதியவர் கீழே விழுந்து கிடப்பதைப் பார்த்தால் முதலில் என்ன செய்வீர்கள்?

தூக்க மாட்டேன், ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன், போர்த்திவிடுவேன், அவர்கள் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பேன் என்றேன். சரியான பதில்.

நவம்பர் 20

கிடைத்துவிட்டது. வேலைக்கு எடுத்ததாக அவர்கள் அனுப்பிய சான்றிதழ் எண்ணை வைத்து அவசர முறையில் விண்ணப்பமும் போட்டாயிற்று. கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால். ஷீபா போனில் அழுதாள். பாப்பாவின் கையைப் பிடித்து என்னைப் பார்த்துக் கைதட்ட வைத்தாள்.

நிரந்தரமாக இருக்க ஐந்து வருஷம் என்பதைப் பதினைந்து ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு. ஆக்கட்டும். பாப்பாவுக்கு அப்போது பதினைந்து வயது ஆகப்போகும்.

முத்துக்குட்டியிடம் சொன்னேன். படுத்துக்கொண்டு போன் பார்த்தான். எந்த இல்லம் என்று கேட்டான். சொன்னேன்.

"அது மேரிக்கி உள்ளதுல்லா?"

"அவளுக்கு வேண்டாம்னுட்டாங்க."

"ஏன் வேண்டாம்னாங்க?"

"எனக்கென்ன தெரியும்."

எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தான். "நல்லாருப்பல நீ" என்றான். ராத்திரிக்குச் சமைத்ததை அவன் தொடவில்லை.

நவம்பர் 22

முத்துக்குட்டி போய்விட்டான். லண்டன் பக்கம் கார் கழுவும் இடத்தில் யாரோ சேர்த்துக்கொள்கிறார்களாம். டிசம்பர் 2க்குப் பிறகு அவன் சட்டப்படி இந்த நாட்டில் இல்லாதவன். குக்கரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாதி என் குக்கர்.

நவம்பர் 25, செவ்வாய்

நன்றி சொல்ல ஜூடித்திடம் போனேன். கை கொடுத்தார். பிறகு, "மேரி போன வாரம் வந்தார்" என்றார். "அவருக்கு நான் செய்யக்கூடியது அதிகம் இல்லை. அந்த நாளைப் பற்றி யாராவது ஒருவர் எழுதி வைத்திருந்தால் நன்றாக இருக்கும். நீங்கள் நோட்டு எழுதுகிறீர்கள் அல்லவா, கொஞ்சம் தருகிறீர்களா?"

நோட்டு என் பையில்தான் இருந்தது. தொலைந்துவிட்டது என்றேன்.

"எப்போது?"

"ஞாபகம் இல்லை."

இந்த முறை அது சுலபமாக வந்தது.

டிசம்பர் 1, திங்கள்

காலை பத்து மணிக்கு மேரி கதவைத் தட்டினாள். திரைச்சீலை ஓரமாகப் பார்த்தேன். பெரிய பெட்டி, தோளில் பை, காதை மூடிய ஸ்கார்ஃப். விமானத்துக்குக் கிளம்பிவிட்டாள். மூன்று முறை தட்டினாள்.

"அண்ணே, ஷூ வெளியதான் கெடக்கு. உள்ள இருக்கீங்கன்னு தெரியும்."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"சண்டைக்கி வரல. கதவத் தொறக்க வேண்டாம். உள்ள தள்ளுதேன், எடுத்துக்கிடுங்க."

தபால் துவாரம் வழியாக ஒரு உறை விழுந்தது. அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். பெட்டியின் சக்கரம் ஒன்று உடைந்திருந்தது. தெருமுனை வரை அந்தச் சத்தம் கேட்டது.

உறைக்குள் ஒரு தாள், தட்டச்சு செய்தது. "12 ஜூன், மாலை நாலு மணி விசிட்டுக்கு மேரிக்குப் பதிலாகப் போக ஒப்புக்கொண்டது நான். நான் போகவில்லை." கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கூடவே கவுன்சில் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய இன்னொரு உறை. ஒரு பேனாகூட வைத்திருந்தாள்.

முதல் வகுப்புத் தபால்தலை, விலை கூடியது. முகவரி மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, வீட்டுக்காரருக்குக் காலி செய்யும் கடிதத்தை அதில் அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 10

விசா வந்து, புது இடத்தில் மூன்றாம் நாள். முப்பத்திரண்டு அறை. இங்கே ஒவ்வொரு அறைக் கதவிலும் அட்டை. உள்ளே போனால் ஸ்கேன், வெளியே வந்தால் ஸ்கேன். நான் படம் எதுவும் எடுத்து வைக்கவில்லை. எல்லா அறைக்கும் நடந்தேதான் போகிறேன். "மிகச் சரியான நேரத்துக்கு வருகிறார்" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார்.

வாட்ஸ்அப்பில் நீல டிக் விழாதபடி மாற்றிக்கொண்டேன். படித்தேனா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

டிசம்பர் 13

மேரி: "அண்ணே ஊருக்கு வந்துட்டேன். கல்ஃப்ல ஒரு ஆஸ்பத்திரிக்கிப் போட்ருக்கேன். அவங்களும் பழைய வேல ரெக்கார்டு கேக்காங்க. கவுன்சில்ல 19ம் தேதி அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுத்துருக்காங்க. அதுக்குப் பொறவு பேரு லிஸ்ட்டுக்குப் போயிரும். மெயில் அனுப்புனாலும் போதுமாம். இப்ப ஒங்களுக்கு வேல இருக்கு, விசா இருக்கு. இனி என்னண்ணே பயம்?"

பயம் என்று யார் சொன்னது.

டிசம்பர் 16

பாப்பா நிற்கிறாள். வீடியோவில் பார்த்தேன். நாலு நொடி.

டிசம்பர் 19, வெள்ளி

காலையில் இரண்டு பேருக்குக் குளியல். ஒருவருக்கு முகச்சவரம். மத்தியானம் படுக்கை விரிப்புகள். நாலு மணிக்கு எட்டாம் அறை அம்மாளுக்கு டீ. பாலை முதலில் ஊற்றினேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. எனக்கு அப்படியே பழகிவிட்டது. முழுவதும் குடித்தார். ஸ்கேன் செய்து பதிவிட்டேன். 16:04.

ஓய்வறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன் மேஜை மேல் இருக்கிறது. நாலரைக்கு வந்தது:

"அண்ணே, இன்னும் அரை மணி நேரம் இருக்கு. அன்னைக்கி நாலு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க? அந்த ஒரு வரிய மட்டும் எழுதி அனுப்புங்க."